வாளியில் வாய் வைத்த நாய்: கேட்ட மஸ்அலாவும் கேட்காத மஸ்அலாவும்

சென்ற கோடையில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அலங்காநல்லூரைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு மஸ்அலா கேட்டார். ஊருக்கு வெளியே அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காய்த் திருட்டுக்குப் பயந்து காவலுக்கு நாய் வளர்க்கிறார். "ஹஜ்ரத், மோட்டார் ரூம் பக்கத்துல ஒளு செய்ய வாளியில தண்ணி புடிச்சு வச்சிருப்போம். நேத்து நாய் சங்கிலியை அத்துக்கிட்டு வந்து அதுல வாயை வச்சிருச்சு. வாளியை எத்தனை தடவை கழுவணும்? இல்ல, தூக்கிப் போட்டுடவா?"

பதில் எளிது. அந்தத் தண்ணீர் நஜீஸ், கொட்டிவிட வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி வாளியை மூன்று முறை கழுவினால் சுத்தமாகிவிடும், ஏழு முறை கழுவுவது சிறப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை கழுவுவது கட்டாயம், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். மதுரை வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள் என்பதால் முதல் சட்டத்தைச் சொல்லி, வாளியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்றும் சொன்னோம். சகோதரருக்கு நிம்மதி.

ஆனால் நம் மனதில் ஒரு கேள்வி நின்றுவிட்டது. கட்டியிருந்த நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு நேராகத் தண்ணீர் வாளிக்கு ஏன் வந்தது?

இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது தோப்பை எட்டிப் பார்த்தோம். பிற்பகல் மூன்று மணி. நாய்க்கென்று ஒரு பழைய அலுமினியத் தட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகள் அடியில் ஒட்டியிருந்தன. காலையில் வேலையாள் தண்ணீர் ஊற்றும்போது அந்த இடம் நல்ல நிழல். தென்னை நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை, அடர்த்தியாகவும் விழுவதில்லை. உச்சிக்குப் பிறகு தட்டு முழு வெயிலில் கிடக்கும். போதாததற்கு நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி குறுகி, தட்டில் தண்ணீர் இருந்திருந்தாலும் அதற்கு எட்டியிருக்காது. நாக்கைத் தொங்கப் போட்டு, வயிறு குழிவிழ இளைத்துக்கொண்டிருந்தது.

"தட்டைக் கழுவி ரெண்டாவது தடவை ஊத்துறதில்லையா?" என்று கேட்டோம். சகோதரர் கொஞ்சம் தயங்கினார். "நஜீஸ்னு வீட்டுல யாரும் அந்தத் தட்டைத் தொட மாட்டாங்க ஹஜ்ரத். வேலையாள் காலையில வந்தா ஊத்துவார், அவ்வளவுதான்."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். மார்க்கப் பேணுதல் என்று நினைத்தே அந்தத் தட்டிலிருந்து விலகியிருந்தார். நம் குடும்பங்களில் காவலுக்கு நாய் வைத்திருப்போர் பலரிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாயின் எச்சில் பற்றிய சட்டம் நம் பாத்திரத்துக்கும் நம் ஆடைக்கும் நம் தொழுகைக்கும் உரியது. நாய்க்கென்றே ஒதுக்கிய சட்டியில் நாம் சாப்பிடப் போவதுமில்லை, ஒளு செய்யப் போவதுமில்லை. எனவே அதைத் தினமும் மூன்று முறையோ ஏழு முறையோ கழுவும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அழுக்குப் போக ஒரு நீளக் காம்புள்ள பிரஷ்ஷால் தேய்த்துக் கொட்டினால் போதும். அந்த பிரஷ்ஷையும் அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். கையில் தண்ணீர் தெறித்தால் கையைக் கழுவிக்கொள்வது அவரவர் மத்ஹபின்படி. இதில் என்ன பெரிய சிரமம்?

இன்னொன்றைச் சொன்னபோது சகோதரர் வியந்துவிட்டார். ஒருவரிடம் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது, ஒளுச் செய்தால் அது தீர்ந்துவிடும், உடன் வந்த பிராணி தாகத்தால் துன்பப்படும் என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைப் பிராணிக்கு வைத்துவிட்டு, தான் தயம்மும் செய்து தொழ வேண்டும். ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இந்த இடத்தில் நாயையும் பெயர் சொல்லியே சேர்க்கின்றன. ஷாஃபிஈ அறிஞர்களும் காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் நாயை, உயிர் காக்கப்பட வேண்டிய பிராணிகளின் பட்டியலிலேயே வைக்கிறார்கள். தொழுகைக்கான ஒளுவே நாயின் தாகத்துக்கு வழிவிடுகிறது. அப்படியிருக்க, ஒளு வாளி நிறைந்திருக்க நாயின் தட்டு காய்ந்து கிடப்பது எப்படிப் பேணுதலாகும்?

கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தவர், தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, மீண்டும் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டிய நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பயான்களில் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அது வழியில் கண்ட நாய், அவருடைய நாய் அல்ல. நாம் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய்க்கு நெருக்கமானது இன்னொரு ஹதீஸ்: பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றாள் என்பது. கட்டாத நாய் வாய்க்காலுக்குப் போய்க் குடித்துக்கொள்ளும். கட்டிவிட்டால் அதன் தாகம் நம் பொறுப்பு. சட்டமும் அப்படியே. தன் பிராணிகளுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் குடும்பச் செலவுகள் பற்றிய பாடத்தின் முடிவில் எழுதியிருக்கிறார்கள். மனைவி மக்களின் செலவைப் பேசும் அதே பாடத்தில்!

எந்த நாய் வளர்க்கலாம், எது கூடாது என்பது தனிப் பேச்சு. பயிர், கால்நடை, வேட்டை இவற்றுக்கு ஹதீஸிலேயே அனுமதி உண்டு. அனுமதி இல்லாத காரணத்துக்காக வளர்ப்பவருக்கும் தண்ணீர்க் கடமையில் விலக்கு இல்லை.

இனி, போதுமான தண்ணீர் என்றால் எவ்வளவு? கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றேகால் லிட்டர் வரை. இது சாதாரண நாளுக்கு. மதுரைப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியிலும், ஓடியாடும் நாய்க்கும், பால் கொடுக்கும் பெட்டை நாய்க்கும் இதுபோல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தேவைப்படலாம். ஆகவே அளந்து வைப்பதைவிட, எப்போது பார்த்தாலும் சட்டியில் தண்ணீர் இருக்கும்படி வைப்பதே சரி.

சாப்பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் போடும் சோறும் ஆணம் கலந்த மிச்சமும் ஈரமானவை, அதிலேயே பாதிக்கு மேல் தண்ணீர். கடையில் விற்கும் உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் நீர். சோற்றிலிருந்து உலர் தீனிக்கு மாறிய நாய்க்குத் தண்ணீர்த் தேவை சட்டென்று கூடும், பலர் இதைக் கவனிப்பதில்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாய்க்கு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கறித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து கொடுத்தால் விரும்பிக் குடிக்கும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் பிரியாணி மிச்சம் போடுவோர் கவனிக்கவும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். சூட்டைத் தணிக்க அதற்குள்ள முக்கியமான வழி வாயைத் திறந்து இளைப்பதுதான், இளைக்க இளைக்க வாயின் ஈரம் ஆவியாகிப் போகிறது. தண்ணீர் தீர்ந்தால் அந்த வழியும் அடைபடும். மூக்குச் சப்பையான பக் போன்ற இனங்கள் சரியாக இளைக்கவும் முடியாதவை. குளிர்நாட்டு அடர்மயிர் நாய்களை நம் ஊருக்கு வாங்கி வருவதை என்ன சொல்வது! விருதுநகர் பக்கத்துச் சிப்பிப்பாறையும் தேனிப் பக்கத்துக் கோம்பையும் இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகியவை. ஆனாலும் அவற்றுக்கும் தண்ணீர் தண்ணீர்தான்.

நாய்க்கு நீர் வற்றியிருக்கிறதா என்று எப்படி அறிவது? தோள்பட்டைக்கு மேல் தோலை இரு விரலால் இழுத்து விடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் உடனே படிந்துவிடும், நீர் வற்றியிருந்தால் கூடாரம் போல நின்று மெதுவாகவே இறங்கும். கிழ நாய்க்கு இது அவ்வளவு சரியாகக் காட்டாது. ஈறு வழவழப்பாக ஈரமாக இருக்க வேண்டும், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். கண் உள்வாங்கியிருப்பது, எச்சில் கட்டியாக நூல்விடுவது, சோர்ந்து படுத்தே கிடப்பது எல்லாம் முற்றிய நிலை. தள்ளாடி விழுந்தால் நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் காற்று வீசுங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரை ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு தாமதிக்காமல், ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்தக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தண்ணீர் குடிக்க முடியாமல், வாய் தொங்கி எச்சில் வடிய, குரல் மாறி, நடத்தையும் மாறினால் அது தாகமாக இல்லாமல் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கை விடாதீர்கள். கடித்தாலோ காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவரின் பொறுப்பே.

இதற்கு நேர்மாறாக, வெயிலும் இல்லாமல் தீனியும் மாறாமல் ஒரு நாய் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், பெட்டை நாயானால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போதும் தண்ணீரைக் குறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாத்திரத்துக்கு நாம் பரிந்துரைப்பது அடி கனத்த மண் சட்டி அல்லது சிறிய சிமெண்டுத் தொட்டி. நாய் நாக்கைப் பின்பக்கமாகக் கரண்டி போல மடித்து அள்ளிக் குடிப்பதால் பாதித் தண்ணீர் சிந்தும், எனவே தட்டையான தட்டு உதவாது. வாய் அகன்று நாலைந்து விரற்கடை ஆழம் இருக்க வேண்டும். மண் சட்டியில் தண்ணீர் சில்லென்று இருக்கும், காலில் பட்டுக் கவிழாது. அதைக் காலை நிழலில் வைக்காமல், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்து அங்கே வையுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு சட்டி வைத்தால் ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். சங்கிலியை மரத்தில் சுற்றக்கூடாது. இரு மரங்களுக்கு இடையே கம்பி கட்டி அதில் வளையத்தோடு மாட்டினால் நாய் போய்வர முடியும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும், டெங்குக் கொசுவும் முட்டையிடும். எலி சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். பூச்சிமருந்து கலக்கிய டிரம்மை நாய்க்கு எட்டாமல் மூடி வைப்பதும் இதில் அடக்கம்.

இத்தனையும் கேட்ட சகோதரர் சிரித்தபடி, "காளைக்குக் கூட இவ்வளவுதான் ஹஜ்ரத் பாக்குறோம்" என்றார். ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்து, நேரம் தவறாமல் தண்ணீர் காட்டி, நீச்சலுக்கும் கூட்டிப்போகிற ஊர் அது. அந்தக் கவனத்தில் கால்பங்கு போதும் என்றோம்.

அடுத்த மாதம் போனபோது மோட்டார் ரூம் நிழலில் ஒரு மண் சட்டியும், தோப்பின் மறுபக்கம் இன்னொன்றும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருடைய மகன் அஸருக்கு முன்னால் இரண்டையும் தேய்த்து நிரப்புகிறான். "அத்தா, சிந்தாம ஊத்துறேன்ல, கை கழுவணுமா?" என்று தினமும் கேட்கிறானாம். காய்ந்த கையில் காய்ந்த சட்டியின் வெளிப்புறம் பட்டால் ஒன்றுமில்லை, ஈரம் பட்டால் கழுவிக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தோம். ஒளு வாளி அதே இடத்தில்தான் இருந்தது, மேலே ஒரு மூடியோடு.