வாண வேடிக்கையைப் படம் பிடிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கினால் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாண வேடிக்கையைப் படம் பிடிக்க விலை உயர்ந்த லென்ஸ் வாங்க வேண்டுமா?" தாராவியிலும் மாதுங்காவிலும் அறை வாடகை கொடுத்து, உதவித்தொகையில் காலம் தள்ளும் நமக்கு இது சிறிய கேள்வியன்று. வேண்டியதில்லை என்பதே என் விடை. காரணத்தை இயற்பியல் கூறுகிறது.

தெருவிளக்கு அசைவதில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன் ஒளி காமிராவின் சென்சாரில் ஒரே புள்ளியில் விழுந்து சேர்கிறது. வாணத்தின் பொறியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தப் புள்ளியிலும் கணநேரமே தங்குகிறது. ஆகவே ஷட்டரை 2 நொடி திறந்தாலும் 8 நொடி திறந்தாலும் பொறிக்கோட்டின் ஒளி மாறாது. படத்தில் விழும் வாணங்களின் எண்ணிக்கைதான் மாறும். கோட்டின் ஒளியை ஆள்பவை இரண்டே: லென்ஸின் துளையும், ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனும்.

ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை, நேரம் 2 முதல் 4 நொடி என்று தொடங்குங்கள். எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும் என்பதை மறவாதீர்கள். துளையை மிகத் திறந்தால் ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பும் செம்பு தரும் நீலமும் வெளுத்துப் போகும். எஃப் 1.4 வரை திறக்கும் லென்ஸைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி, அதை எஃப் 11க்கு மூடி வைப்பானேன்? காமிராவுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸே போதும். நான் பயன்படுத்துவதும் அதுவே.

இனி, குவியத் தொலைவு. சிறிய சென்சார் உள்ள காமிராவை நிமிர்த்திப் பிடித்தால், 200 மீட்டருக்கு அப்பால் வெடிக்கும் வாணத்தை நோக்கி 18 மி.மீ. ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்தை அடக்கும், 55 மி.மீ. ஏறத்தாழ 85 மீட்டரே அடக்கும். மரைன் டிரைவ் கடற்சுவரில் நிற்பவருக்கு முன்னது ஏற்றது; செம்பூர் மொட்டைமாடியிலிருந்து தொலைவில் தெரியும் வாணத்துக்குப் பின்னது ஏற்றது.

காமிரா அசையக் கூடாது. முக்காலி இல்லையெனில் கைப்பிடிச் சுவரில் அரிசிப் பையை வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்துங்கள். தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, தொலைவிலுள்ள விளக்கு ஒன்றில் கையால் குவியம் வையுங்கள். பிளாஷும் வேண்டாம்.

நம் வீடுகளில் தீபாவளி விடியற்கால எண்ணெய்க் குளியலோடு தொடங்கும். மும்பைக்கோ இலட்சுமி பூஜை இரவே பெரிது. ஆயினும் நேரம் குறைவு. உச்ச நீதிமன்றம் 2018இல் தீபாவளி இரவு 8 மணி முதல் 10 மணி வரையே பட்டாசுக்கு அனுமதி தந்தது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் இந்நகருக்கு அதே இரண்டு மணியை வரையறுத்தது. புகை சேரச் சேரப் படம் மங்கும். எனவே முன்னதாகவே சென்று, காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள்.

முதல் படத்தை எடுத்தவுடன் பாருங்கள். பொறிக்கோடு வெளுத்திருந்தால் துளையைச் சுருக்குங்கள். வானமும் கட்டடங்களும் வெளுத்திருந்தால் நேரத்தைக் குறையுங்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவருக்கு, கையிலிருக்கும் காமிராவே நல்ல காமிரா.