தளத்தின் அழகும் கிடங்கின் காவலும்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளியின் கண் அதனை உடனே கண்டுகொள்ளும். ஆயினும் அந்நூலையும் விதைநெல்லையும் காத்துநிற்கும் கிடங்கின் மேல்தளத்தை நாம் எத்தனை முறை ஏறிப் பார்க்கிறோம்?

முற்காலத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து இடித்துத் தளத்தை இறுக்கினார்கள். இன்று கட்டடங்கள் பலவற்றின் மீது தார் விரிப்பே போடப்படுகிறது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள சுருளைத் தீச்சுடரால் இளக்கி, ஒன்றின் விளிம்பின்மேல் மற்றொன்று 10 சென்டிமீட்டர் அளவு படியுமாறு ஒட்டுகிறார்கள்.

நமது நூல் கிடங்கிற்கு இவ்வாறு விரித்தபோது மூட்டுகள் நெடுகிலும் கரிய தார் பிதுங்கி நின்றது. பார்வைக்கு அழகாயில்லை என்று அங்கத்தினர் சிலர் குறை கூறினர். வேலைக்குரிய தொகையை நிறுத்தி வைக்கலாமா என்றுகூட நாம் யோசித்தோம். பின்னர் மழை வந்தது. கருங்கோடு தெரிந்த மூட்டு எதிலும் ஒழுக்கு இல்லை. கைப்பிடிச் சுவரோரம் மிகச் சுத்தமாகத் தோன்றிய மூட்டின் வழியாகவே நீர் இறங்கி நூற்கட்டுகளை நனைத்தது. ஓரத்தில் பிதுங்கிய தார், உள்ளே நன்றாக இளகிப் பற்றியதற்குச் சாட்சி என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

ஆகவே, தோற்றக் குறைகளை வகைபிரித்து அறிதல் அவசியம். ஈரம் உலராத தளத்தில் விரித்தால், அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் எழும்பும். அது சிறியதாய், மூட்டைத் தொடாதிருந்தால் குத்தாமல் விடுவதே நலம். குத்தினால் நீருக்கு நாமே வழி திறந்தவராவோம். மூட்டை நோக்கிப் பரவுமாயின் அறுத்து, உலர்த்தி, ஒட்டுப்போட வேண்டும். முதலைத் தோல் போன்ற வெடிப்பு, தார் வெயிலில் காய்ந்து இறுகியதன் அடையாளம். வெடிப்பு ஆழமாகுமுன் காப்புப் பூச்சு இடுதல் வேண்டும். அழுக்கு வளையம், நீர் தேங்கி வற்றிய இடத்தைக் காட்டும். மழை விட்டு 48 மணி நேரம் கழிந்தும் நீர் நின்றால், தளத்தின் வாட்டம் போதவில்லை, அல்லது தூம்பு அடைபட்டிருக்கிறது.

வெள்ளைப் பூச்சு வெப்பத்தைத் தணிக்கும். ஆனால் திறந்த மூட்டையும் மறைத்துவிடும். ஆதலால் பூசுமுன், மழுங்கிய கொத்துக்கரண்டி முனையால் மூட்டுகளை மெல்ல வருடிச் சோதித்தல் வேண்டும்.

கோடை கழிந்தவுடன் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் நிர்வாகக் குழுவினர் இருவர் தளம் ஏறிப் பார்ப்பார்களாக. கிடங்கிலுள்ள சரக்கு தனியொருவருடையதன்று. அங்கத்தினர் அனைவரின் உழைப்பு அது.