பாடசாலையை விட்டவரும் சாதாரண தரம் எழுதலாம்

"பத்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தோம். பிறகு தோட்டம், கூலி வேலை என்று காலம் போய்விட்டது. இனி என்ன படிப்பு?" என்று சொல்வோர் நம்மிடையே பலர். 1990, 1995, 2009 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் முறிந்துபோன படிப்புகள் ஏராளம். ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதப் பாடசாலை மாணவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வளர்ந்தவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம்.

விண்ணப்பித்தல்

பரீட்சைத் திணைக்களம் பத்திரிகைகளிலும் தனது இணையத்தளத்திலும் அறிவித்தல் விடுக்கும். பரீட்சை நடைபெறும் மாதம் அண்மைக் காலத்தில் மாறி மாறி வந்திருப்பதால் அறிவித்தலைக் கவனித்திருங்கள். மண்டபத்தில் ஆளை உறுதிப்படுத்தத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அது தொலைந்திருந்தால் முதலில் கிராம அலுவலரிடம் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். இவற்றுக்குக் காலம் எடுக்கும். விண்ணப்ப முடிவு நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பாடங்கள்

சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் அடிப்படைப் பாடங்கள். மேலும் மூன்று பாடங்களை மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யலாம். அவற்றுள் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் என்ற பாடமும் உண்டு. மண், நீர்ப்பாசனம், பயிர்ப் பாதுகாப்பு என்பன கமக்காரருக்குப் புதியவை அல்ல. சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குச் செய்முறைப் பரீட்சையும் இருப்பதால், தனியாகப் படிப்பவருக்குத் தமிழ் இலக்கிய நயம் இலகுவாக இருக்கலாம்.

75 புள்ளி முதல் A, 65 முதல் B, 50 முதல் C, 35 முதல் S. 35 இற்குக் குறைந்தால் W, அதாவது சித்தியில்லை.

கணிதத்துக்கு அஞ்ச வேண்டாம்

பலரைத் தடுப்பது கணிதமே. இதற்கு இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். இரண்டினதும் சராசரியே முடிவு. முதலாம் வினாத்தாளில் 25 குறுவினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். முதலாவதில் 50 உம் இரண்டாவதில் 20 உம் பெற்றாலே சராசரி 35 ஆகிவிடும். ஆகவே குறுவினாக்களை நன்கு பயிலுங்கள். சதவீதம், வட்டி, பரப்பளவு ஆகியவை நாம் கடன் எடுக்கும்போதும் காணி அளக்கும்போதும் செய்கிற கணக்குகள்தான். கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து பார்ப்பது மிகவும் பயன் தரும்.

ஓர் எச்சரிக்கை

"வருடத்துக்கு ஒரு பாடமாக எழுதுவோம்" என்று சிலர் நினைப்பதுண்டு. இது நட்டத்தில் முடியலாம். பல அரச வேலைகளுக்கு, இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல் ஆறு பாடங்களில் சித்தி கேட்கிறார்கள். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் அடங்கவேண்டும் என்றும், சில பாடங்களில் C வேண்டும் என்றும் நிபந்தனை இருப்பது வழக்கம். எனவே முதற் தடவையிலேயே ஆறு பாடங்களுக்கு ஆயத்தமாகுங்கள். தவறியதை அடுத்த தடவை எழுதலாம்.

முன்பு எழுதிச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் மனம் தளரவேண்டாம். ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.

ஒரே முகாமில் அல்லது ஊரில் நாலைந்து பேர் சேர்ந்தால் மாலையில் ஒரு விளக்கின் கீழ் படிக்கலாம். பிள்ளையின் பாடப்புத்தகமே தாய்க்கும் தகப்பனுக்கும் போதும்.