கிண்ணம் நீட்டும் கைகளுக்கு: ஹாலோவீன் மாலையில் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கலக்கும் முன் "சர்க்கரை போடலாமா?" என்று கேட்பது நம் வழக்கம். அவருக்கு நீரிழிவு இருக்குமோ என்ற கரிசனத்தில் பிறந்த கேள்வி அது. அக்டோபர் 31 மாலை டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் நம்மவர் வீட்டு வாசலுக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். எலும்புக்கூடு, சூனியக்காரி, சிலந்தி மனிதன் என்று வேடமிட்ட பிள்ளைகள் "டிரிக் ஆர் ட்ரீட்!" என்று மிட்டாய் கேட்டுப் பையை நீட்டுகிறார்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்க அப்போது நேரமில்லை. முகமூடிக்குள் இருப்பது யார் என்பதே தெரியாது. ஆகவே அந்தக் கேள்வியை, மிட்டாய் வாங்கக் கிளம்பும்போதே நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எது உண்மையான ஆபத்து?

முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அமெரிக்காவில் வெகுகாலமாக உண்டு. 1958 முதலான செய்திகளைத் தேடி ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், முகமறியாத ஒருவர் தந்த விஷ மிட்டாயால் பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை என்கிறார். நாம் பயப்பட வேண்டியவை வேறு. ஒவ்வாமை, மூச்சடைப்பு, சாலை விபத்து ஆகிய மூன்றும் நல்ல மனம் கொண்டவர்களின் வாசலிலேயே நேரக்கூடியவை.

பதின்மூன்றில் ஒரு பிள்ளை

அமெரிக்காவில் ஏறத்தாழ 13 பிள்ளைகளில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருக்கிறது. வேர்க்கடலை, பாதாம், முந்திரி, பால், முட்டை, கோதுமை, சோயா, எள் ஆகியவை முக்கியக் காரணிகள். சாக்லேட் வகைகளில் இவற்றில் ஒன்றாவது இல்லாதது அரிது. ஒவ்வாமை உள்ளவரின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்த உணவின் புரதத்தைப் பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. தோலில் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று சில நிமிடங்களிலேயே நிலைமை முற்றலாம். இதுவே அனாஃபிலாக்சிஸ். எபிநெஃப்ரின் ஊசியை உடனே தொடையின் வெளிப்புறத்தில் போட்டு, 911ஐ அழைக்க வேண்டும்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. ஒரு துணுக்கு வேர்க்கடலைகூடச் சிலருக்குப் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டி மிட்டாய்களின் உறையில் பெரும்பாலும் சேர்மானப் பட்டியல் இருப்பதில்லை. அதே பெயரில் வரும் பெரிய சாக்லேட்டில் இல்லாத பொருள் குட்டியில் இருக்கலாம். எனவே மொத்தமாக வாங்கிய பையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். பட்டியல் உள்ள பகுதியை வெட்டிக் கிண்ணத்தருகே வையுங்கள். கேட்கும் பெற்றோருக்குக் காட்டலாம்.

நீலப்பச்சைப் பூசணி

அமெரிக்காவின் கிழக்கு டென்னசியில் ஓர் ஒவ்வாமை ஆதரவுக் குழு தொடங்கிய பழக்கம் இது. 2014இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு இதை நாடு முழுவதும் கொண்டு சென்றது. வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். பென்சில், ஒட்டுப்படங்கள், ஒளிரும் குச்சி, சோப்புக் குமிழி, வண்ணக் கிரேயான் எதுவானாலும் சரி.

மிட்டாய்த் துகள் படாமல் இருக்க இவற்றைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். "உனக்கு அலர்ஜியா?" என்று விசாரிக்க வேண்டாம். இரண்டையும் நீட்டி, "எது வேண்டும்?" என்று எல்லாப் பிள்ளைகளையும் கேளுங்கள். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கும், குழாய் வழியே உணவு பெறும் பிள்ளைக்கும் அந்த இரண்டாவது கிண்ணம் உதவும்.

நான்கு வயதுக்குக் கீழே

கெட்டி மிட்டாய், சூயிங் கம், கொட்டைகள், பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ, ஒட்டும் கேரமல் ஆகியவை நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ஆகாது. அவர்களால் சரியாக மெல்ல முடியாது, மூச்சுக்குழாயும் மிகக் குறுகல். ஓடிக்கொண்டே வாயில் போட்டால் ஆபத்து கூடும். சின்னப் பொம்மைகளிலும் கவனம் தேவை. கழிப்பறைக் காகித உருளைக்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

தொண்டையில் சிக்கிக்கொண்டால், குழந்தை இருமும்வரை இரும விடுங்கள். இருமவோ அழவோ முடியாவிட்டால், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு முதுகில் 5 தட்டு, மேல்வயிற்றில் 5 அழுத்தம் என்று மாறிமாறிக் கொடுக்க வேண்டும். அதே நேரம் ஒருவர் 911ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவக் கூடாது.

மூன்றே மூன்று

இரண்டு முதல் 18 வயது வரையுள்ளோர் ஒரு நாளில் உட்கொள்ளும் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். ஒரு குட்டி சாக்லேட்டில் சுமார் 8 கிராம் இருக்கும். மூன்று தின்றாலே அன்றைய கணக்கு முடிந்தது. கை நிறைய அள்ளிப் போடுவதைவிடத் தலைக்கு ஒன்று கொடுப்பதே அன்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் பை நிரம்பி வந்தால், நாள் முழுக்கக் கொறிக்க விடாமல் சாப்பாட்டுடன் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறை இனிப்புத் தின்னும்போதும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து பல்லை அரிக்கின்றன. சாப்பிடும்போது நிறைய ஊறும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்கும்.

வாசலும் வீதியும்

1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலைகளில் பாதசாரிகளின் மரணம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கோ ஆபத்து ஏறத்தாழ 10 மடங்கு. அன்று வேலை முடிந்து வண்டியில் வருவோர் குடியிருப்புத் தெருக்களில் நின்று நிதானித்து வர வேண்டும். வாசல் விளக்கைப் போட்டு, படியில் கிடக்கும் ஈர இலைகளைப் பெருக்கி, நாயை உள்ளே கட்டுங்கள்.

ஒவ்வாமையுள்ள பிள்ளை வீடு திரும்பியதும், அம்மா பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குவார். நம் வீட்டில் வாங்கியது அந்தப் பிள்ளையின் பக்கமே மிஞ்சட்டும்.