சின்ன மேசைக்கு எந்த ஸ்பீக்கர்? – உங்களுக்குத் தெரியுமா?

மேசை சிறியது, ஒதுக்கியிருக்கும் பணமும் குறைவு. அதற்காக நல்ல ஒலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்தால், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஜோடியே மனம் நிறையப் பாடும்.

■ அருகில் உட்காருவதே பலம்
ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. கூடத்தில் 2 மீட்டர் தள்ளிக் கேட்பவருக்குத் தேவைப்படும் சக்தியில் 16-ல் ஒரு பங்கு இருந்தால், மேசை முன் 50 செ.மீ. தூரத்தில் இருப்பவருக்கு அதே அளவு ஒலி கேட்கும். சின்ன மேசைக்காரருக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையே இல்லை.

■ யுஎஸ்பி தருவது எவ்வளவு?
யுஎஸ்பி 2.0 துளையில் கிடைப்பது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்; அதாவது 2.5 வாட். 3.0 துளையில் 4.5 வாட். டைப்-சி துளையில் 15 வாட் வரை கிடைக்கலாம். அந்தத் துளையை மட்டும் நம்பி ஓடும் ஸ்பீக்கர், அதில் வரும் மின்சாரத்தைவிட அதிக ஒலிச் சக்தியைத் தொடர்ந்து தர முடியாது. அட்டைப்பெட்டியில் எத்தனை வாட் அச்சிட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

■ பிஎம்பிஓ என்றால் நம்பாதீர்கள்
'1000 வாட் பிஎம்பிஓ' என்ற எழுத்தைப் பல பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்ற விதிமுறை எதுவும் கிடையாது; தயாரிப்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். 'ஆர்எம்எஸ்' என்ற எண்ணைத் தேடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது அதுதான்.

■ வாட் கூடினால் சத்தம் கூடுமா?
கூடும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. சக்தி இரு மடங்கானால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு 'இரு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு சக்தி வேண்டும். 3 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 டெசிபல். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

■ நூறு வயதான தொழில்நுட்பம்
காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. இந்த அமைப்பை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகிய இருவர். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 1925-ல். உங்கள் மேசையில் இருப்பதும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

■ மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்
சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி. இந்த மூன்றையும் ஒரே ஸ்பீக்கரில் பெற முடியாது என்பதை 'ஹாஃப்மன் விதி' என்பார்கள். 1954-ல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக்கி, புத்தக அலமாரியில் வைக்கும் அளவுப் பெட்டியிலிருந்து ஆழ்ந்த பேஸை வரவழைத்தார். அதற்கு ஈடாகக் கூடுதல் ஆம்ப்ளிஃபயர் சக்தி தேவைப்பட்டது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் வீட்டையே அதிர வைக்கும் என்று விளம்பரம் சொன்னால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

■ ஓர் அங்குலத்தின் மதிப்பு
2 அங்குலக் கூம்பைவிட 3 அங்குலக் கூம்பின் பரப்பு 2¼ மடங்கு பெரியது. அதே அசைவில் அவ்வளவு அதிகக் காற்றைத் தள்ளும். விலை ஒன்றாக இருந்து, மேசையில் இடமும் இருந்தால் பெரிய கூம்புக்கே கை நீட்டுங்கள். ஸ்பீக்கரில் மின்னும் வண்ண விளக்குகளைப் பார்த்து மயங்காதீர்கள்; அவற்றுக்கும் ஒலிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

■ இல்லாத ஒலியும் கேட்கும்
பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு அதற்கும் கீழே இருக்கிறது. இருந்தும் அப்பாவின் கனத்த குரல் நமக்கு அப்படியே கேட்டது. மேலே வரும் துணை அதிர்வுகளை வைத்து, விட்டுப்போன அடிப்படையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கரில் பாட்டு ரசிக்கும்படி இருக்க இதுவும் ஒரு காரணம்.

■ மெதுவாக வைத்தால் பேஸ் எங்கே போகிறது?
ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. ஒலி அளவு குறையக் குறைய, தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் நம் காதில் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். இரவில் மெதுவாகக் கேட்கும்போது பேஸைச் சற்று ஏற்றிக்கொள்வதில் தவறில்லை.

■ முகத்தைப் பார்க்க வையுங்கள்
100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 செ.மீ. நீண்ட அலை எல்லாப் பக்கமும் பரவும். குறுகிய அலை ஏறக்குறைய நேராகவே போகும். ஸ்பீக்கர் உங்கள் வயிற்றைப் பார்த்தபடி இருந்தால் வீணையின் மீட்டொலியும் ஜால்ராவின் கூர்மையும் மங்கிவிடும். கிரியேட்டிவ் பெப்பிள் ஸ்பீக்கரில் கூம்பு 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது இதற்காகத்தான். நேராக நிற்கும் வகை என்றால் முன்பக்கத்தின் அடியில் ஒரு ரப்பர் துண்டை வையுங்கள். மேசைப் பரப்பில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலியின் தொல்லையும் குறையும்.

■ சுவர் ஓரம்
சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் 6 டெசிபல் வரை கூடலாம். மெலிந்து ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு இது செலவில்லாத ஊட்டம். குரல் குழம்பினால் சில அங்குலம் முன்னே இழுங்கள். பின்புறம் காற்றுத் துளை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள்.

■ முக்கோணக் கணக்கு
இரண்டு ஸ்பீக்கருக்கு இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். 60 செ.மீ. என்றால் மூன்றும் 60. அப்போது பாடகர் திரைக்கு நடுவில் அமர்ந்து பாடுவதுபோலக் கேட்கும். ஒட்டி வைத்த ஜோடி ஒற்றை ஸ்பீக்கராகவே ஒலிக்கும்.

■ 'ம்ம்ம்' என்ற இரைச்சல்
மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் மீது குற்றமில்லை. சார்ஜர் வழியாகவோ எர்த் இணைப்பு வழியாகவோ நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு உள்ளே நுழைகிறது. சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் பலகையில் செருகினால் பல நேரம் சரியாகிவிடும்.

■ புளூடூத்தா, வயரா?
புளூடூத்தில் ஒலி வந்து சேரப் பத்தில் ஒரு விநாடிக்கு மேலேகூடத் தாமதமாகலாம். பாட்டுக் கேட்க அது பொருட்டில்லை. விளையாட்டுக்கும் கீபோர்டு வாசித்துப் பழகவும் வயர்தான் சரி.

■ காதுக்கும் ஓர் அளவு
வாரத்துக்கு 40 மணி நேரம், பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பாகக் கேட்பதற்குச் சொல்லும் எல்லை இது. அருகில் உட்கார்ந்து கேட்பவர் ஒலியைக் குறைத்து வைத்தாலே போதும் என்பதால் இந்த எல்லைக்குள் இருப்பது எளிது.

■ கடையில் எதைப் போட்டுப் பார்ப்பது?
கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டு வேண்டாம். உங்களுக்கு நெருக்கமான ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் உள்ள கரும்பூச்சு (கரணை), தோலின் அதிர்வுகளை இசையொழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சர் சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வலந்தலையின் அந்தச் சுரம் துல்லியமாகக் கேட்கிறதா, இடப்பக்கமான தொப்பியின் கனத்த 'கும்கி' ஒலி தனியாகப் பிரிந்து வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு செய்தி வாசிப்பு. குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கக் கூடாது. கடைசியாக ஒலியை முழுதாக ஏற்றுங்கள். கரகரப்பு இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.