பேய்க்கு முன் மைக்கைத் தேடுங்கள்

இறுதியாண்டுக் குறும்படத்துக்குப் பேய்க்கதை என்று முடிவானதும் மாணவர்கள் முதலில் ஓடுவது மேக்கப் கடைக்கு. நீளமான விக், வெள்ளைப் புடவை, வெள்ளை கான்டாக்ட் லென்ஸ் என்று வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கேமராவை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒலிப்பதிவுக்குப் பல நேரம் எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

1997 அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாண்ட் காட்டில் எட்டே நாட்களில் படமாக்கப்பட்ட 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'டைப் பாருங்கள். இயக்குநர்கள் டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்கள். ஆவணப்படம் எடுக்கப்போய்க் காணாமல்போன மூன்று மாணவர்கள் விட்டுச்சென்ற காட்சிகள் என்பது கதை. அதனால் ஒரு ஹை8 வீடியோ கேமராவையும் ஒரு 16 எம்.எம். ஃபிலிம் கேமராவையும் நடிகர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். படம் ஆடுவதும் முகம் பாதி வெட்டுப்படுவதும் குறையாகத் தெரியவில்லை. கதையே அதைக் கேட்டது. ப்ராப்பர்ட்டி என்று நினைவில் நிற்பவை சுள்ளிகளைக் கட்டிச் செய்த மனித உருவங்களும் கூடாரத்தருகே குவித்த கற்களும்தான். சூனியக்காரி கடைசிவரை கண்ணில் படவே இல்லை. நள்ளிரவில் கூடாரத்தைச் சுற்றிக் கேட்ட குழந்தைகளின் குரல்தான் கலங்கடித்தது. 1999-ல் வெளியான அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது.

குறும்படங்களிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான 'பீட்சா'விலும் (2012) இதே புத்திசாலித்தனம் உண்டு. இருண்ட பங்களாவில் சிக்கிக்கொண்டவன் கையில் ஒரு டார்ச். வெளிச்சம் போகும் இடம்தான் அவனுக்குத் தெரியும்; நமக்கும் அவ்வளவுதான். விளக்கும் ப்ராப்பர்ட்டியும் ஒரே பொருளில் முடிந்துவிட்டன.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, பகலில் அந்த வீட்டில் அதற்கு என்ன வேலை என்று கேளுங்கள். பாட்டி வெற்றிலை இடிக்கும் சிறு உரலை எடுத்துக்கொள்வோம். முதல் காட்சியில் அவர் திண்ணையில் உட்கார்ந்து இடிக்கிறார். பேரன் கதை கேட்கிறான். பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, ஓர் இரவில் பின்கட்டிலிருந்து அதே 'டொக் டொக்'. பார்க்கிறவருக்கு வேறெதுவும் தேவையில்லை. கண் உருட்டும் பொம்மைக்கு இந்தப் பலம் கிடையாது, ஏனென்றால் நம் வீடுகளில் அப்படியொரு பொம்மையோடு யாரும் வளரவில்லை.

ரத்தத்துக்கும் செலவு வேண்டாம். கறுப்பு வெள்ளையில் வந்த 'சைக்கோ'வில் (1960) ஓடியது சாக்லேட் சிரப். வண்ணப் படத்துக்குக் கெட்டியான சர்க்கரைப் பாகில் சிவப்பு ஃபுட் கலரும் ஒரு சிட்டிகை கோகோ பவுடரும் போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நீர் தரையில் ஓடவிட நன்றாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பு எரிக்கும். முகத்துக்கும் கண்ணுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அரிவாள், கத்தி எல்லாம் கூர் இல்லாத டம்மியாகவே இருக்கட்டும். 'தி க்ரோ' படப்பிடிப்பில் 1993-ல் நடிகர் பிராண்டன் லீ உயிரிழந்தது, காட்சிக்காகக் கொண்டுவந்த துப்பாக்கியால்.

கேமராவுக்கு நல்ல செல்போனே போதும். ஆனால் எக்ஸ்போஷரை லாக் செய்யாவிட்டால், நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய இருட்டை அது தானாகவே வெளுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-ல் வைத்தால் டியூப் லைட் மினுக்காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு எல்.இ.டி., உள்ளே ஒரு தெர்மாகோல் அட்டை. பெரும்பாலான இரவுக் காட்சிகளை இதிலேயே முடிக்கலாம்.

மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஒலிக்குப் போகட்டும். ரெக்கார்டர், பூம் மைக், காற்றிரைச்சலைத் தடுக்கும் உறை மூன்றும் அவசியம். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, ஒவ்வோர் அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்யுங்கள். எடிட்டிங்கில் ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது இல்லையென்றால் ஒலி அறுந்து அறுந்து கேட்கும். கட்டியெழுப்பிய பயம் அங்கேயே கலைந்துவிடும். உரல் சத்தத்தைப் பக்கத்திலிருந்து ஒருமுறையும், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒருமுறையும் எடுத்துவையுங்கள். விக்கைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். வாடகைப் பட்டியலை எழுதும்போது முதல் வரியில் மைக் இருக்கட்டும்.