அதிகம் புகைப்பவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கலாமா? நுரையீரல் புற்றுநோய் பரிசோதனை குறித்த விளக்கம்

நவி மும்பை: தொடர் இருமல், சளியில் ரத்தம் போன்ற அறிகுறிகள் தோன்றும்போது நுரையீரல் புற்றுநோய் பலருக்கு முற்றிய நிலையை எட்டியிருக்கும். ஆகவே, நீண்டகாலம் அதிகம் புகைத்தவர்களுக்கு முன்கூட்டியே பரிசோதனை அவசியமாகிறது.

இதற்கு மார்பு எக்ஸ்ரே போதாது. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 20 சதவீதம் குறைந்திருந்தன.

தினமும் 20 சிகரெட் வீதம் 20 ஆண்டுகள், அல்லது 40 வீதம் 10 ஆண்டுகள் புகைத்த 50 முதல் 80 வயது வரையிலானவர்கள் ஆண்டுதோறும் இப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பரிந்துரை. புகைப்பதைக் கைவிட்டு 15 ஆண்டுகள் நிறைவடையாதவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவில் காசநோய்த் தழும்புகளும் ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டிபோலத் தோன்றக்கூடும் என்பதால், முடிவை நிபுணரே உறுதிசெய்ய வேண்டும்.

மத்திய அரசின் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு. எனவே கோபர்கைரனே போன்ற பகுதிகளில் வசிக்கும் புகைப்பழக்கமுள்ளோர் தாமாகவே மருத்துவரை அணுகுவது நல்லது. நோய் ஐயம் எழுந்தால், அருகிலுள்ள கார்கரிலும் மும்பை பரேலிலும் டாடா நினைவு மையத்தின் மருத்துவமனைகள் உள்ளன.

பரிசோதனை, புகைப்பதைக் கைவிடுவதற்கு மாற்றாகாது. அதற்கு உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356.